எல்லைச் சாவடியும் எச்சில் டிரம்மும்

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில், விமான நிலையத்தை ஒட்டியிருந்த பண்ணைகளில் 1957இல் பன்றிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதுவரை ஆப்பிரிக்காவோடு நின்றிருந்த ஒரு வைரஸ் கண்டம் தாண்டியது அதுதான் முதல் முறை. எப்படி வந்தது என்று தேடியபோது, விமானப் பயணிகள் சாப்பிட்டு மிச்சம் வைத்த உணவு அந்தப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போய்க்கொண்டிருந்தது தெரியவந்தது. சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2007இல், கருங்கடல் கரையிலுள்ள ஜார்ஜியாவின் போத்தி துறைமுகப் பகுதியில் அதே நோய் மறுபடி தலைகாட்டியது. இந்த முறை சந்தேகம் விழுந்தது கப்பல்களிலிருந்து இறக்கப்பட்ட உணவுக் கழிவின் மீது.

போத்தியில் இறங்கிய வைரஸ் ஓராண்டுக்குள் ஆர்மீனியா, ரஷ்யா, அஜர்பைஜான் என்று பரவியது. 2014இல் போலந்தும் பால்டிக் நாடுகளும். 2018 ஆகஸ்டில் சீனாவின் ஷென்யாங். அடுத்த ஆண்டே வியத்நாம், கம்போடியா, லாவோஸ், மியான்மர், பிலிப்பைன்ஸ், தென்கொரியா. 2020இல் அசாமும் அருணாசலப் பிரதேசமும். 2022 ஜூலையில் வயநாட்டின் மானந்தவாடி. 2023 ஜனவரியில் முதுமலையில் செத்துக் கிடந்த காட்டுப் பன்றிகளின் உடலில் அதே நோய் உறுதியானது. ஏதோ ஒரு கப்பலின் தட்டில் மிஞ்சிய இறைச்சித் துண்டு நீலகிரி வரை வந்து சேர 16 ஆண்டுகள் ஆயின.

இந்த நோயின் பெயர் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். பெயரைக் கேட்டதும் 2009இல் நம்மை முகக்கவசம் தேட வைத்த பன்றிக் காய்ச்சல் நினைவுக்கு வரலாம். அது வேறு, இது வேறு. இது மனிதரைத் தொற்றுவதில்லை. பன்றி இனத்தை மட்டுமே தாக்கும். தாக்கினால் பெரும்பாலும் மிச்சம் வைப்பதில்லை. கடும் காய்ச்சல், தீனி எடுக்காமை, காதும் வயிறும் சிவந்து நீலம் பாய்தல், சில நாட்களில் சாவு. வைரஸோ பிடிவாதக்காரன். உறைந்த இறைச்சியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உப்புக்கண்டத்திலும் உலர்த்திய தொத்திறைச்சியிலும் கூடத் தாக்குப்பிடிக்கும். செத்த பன்றியின் எலும்பு மஜ்ஜையில் காத்துக் கிடக்கும்.

இப்படிப்பட்ட நோய் எல்லை தாண்டி வரும் ஆபத்தை அரசுகள் எப்படி அளக்கின்றன? உலக விலங்குகள் சுகாதார அமைப்பு வகுத்த முறை ஒன்று உண்டு. நோய் நாட்டுக்குள் நுழைய வாய்ப்பு எவ்வளவு. நுழைந்தால் அது இங்குள்ள ஒரு பன்றியின் வாய்க்குப் போய்ச்சேர வாய்ப்பு எவ்வளவு. சேர்ந்துவிட்டால் விளைவு என்ன. மூன்றையும் சேர்த்துப் பார்த்து ‘மிகக் குறைவு’, ‘குறைவு’, ‘நடுத்தரம்’, ‘அதிகம்’ என்று முத்திரை குத்துவார்கள். முறையில் கோளாறு இல்லை. நடைமுறையில் முதல் கேள்விக்கே முழு உழைப்பும் போய்விடுகிறது என்பதுதான் என் குறை. இறக்குமதித் தடை, சான்றிதழ், சோதனைச் சாவடி எல்லாம் அந்த முதல் கேள்விக்கான பதில்கள். லிஸ்பனிலும் போத்தியிலும் நோயைக் காரியம் முடிக்கவிட்டது இரண்டாவது கேள்வி.

‘குறைவு’ என்ற முத்திரையைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, நோய் பரவிய நாட்டிலிருந்து வரும் பயணிகளில் லட்சத்தில் ஒருவர் பையில் வைரஸ் உள்ள இறைச்சி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிகக் குறைவான வாய்ப்புதான். ஆனால் ஆண்டுக்கு ஒரு கோடிப் பேர் வந்தால் அப்படி 100 பைகள். அவற்றில் 99 பைகளில் உள்ளதை மனிதர்களே சாப்பிட்டு முடித்து, மிச்சம் குப்பைக் கிடங்குக்குப் போனால் ஒன்றும் ஆகாது. நூறாவது பையின் மிச்சம் எந்தக் கழிவு டிரம்மில் விழுகிறது என்பதில்தான் நாட்டின் தலையெழுத்து இருக்கிறது.

இது வெறும் பேச்சுக் கணக்கு இல்லை என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 2018 கடைசியில் அந்நாட்டு விமான நிலையங்களிலும் அஞ்சல் மையங்களிலும் பறிமுதல் செய்த பன்றி இறைச்சிப் பொருட்களைச் சோதித்தார்கள். 152 மாதிரிகளில் 6இல் வைரஸின் மரபுக்கூறுகள் இருந்தன. ஆசியாவெங்கும் நோய் பரவிய 2019இல் மறுபடி சோதித்தபோது ஏறத்தாழ பாதி மாதிரிகளில் இருந்தன. மரபுக்கூறு இருந்தால் வைரஸ் உயிரோடு இருக்கிறது என்று பொருளில்லைதான். ஆனாலும் பைகள் வந்துகொண்டே இருக்கின்றன என்பது தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில், சிட்னி விமான நிலையத்தில் பன்றி இறைச்சி உட்பட உணவுப் பொருட்களை அறிவிக்காமல் கொண்டுவந்த ஒரு பயணியின் விசாவையே ரத்து செய்து திருப்பி அனுப்பினார்கள்.

காட்டுப் பன்றிதான் நோயைச் சுமந்து திரிகிறது என்று பழி போடுவது சுலபம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதைக் கணக்கிட்டுப் பார்த்தது. காட்டுப் பன்றிகள் மூலம் நோய் தானாக நகரும் வேகம் ஆண்டுக்குச் சுமார் 3 கிலோமீட்டரிலிருந்து 12 கிலோமீட்டர் வரைதான். ஆனால் 2017இல் செக் நாட்டின் ஸ்லீன் பகுதிக்கும், 2018 செப்டம்பரில் பெல்ஜியத்தின் தென்கோடிக் காடுகளுக்கும் நோய் போனபோது, பக்கத்து நோய்ப் பகுதியிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தாவியிருந்தது. பன்றி அத்தனை தூரம் நடக்கவில்லை. லாரியில் யாரோ கொண்டுபோன இறைச்சி வைத்த ரொட்டியோ, வேட்டைக்காரரின் காலணியோ நடந்திருக்க வேண்டும். டென்மார்க் ஜெர்மன் எல்லையில் ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்கு வேலி போட்டு 2019இல் முடித்தது. வேலி பன்றியை நிறுத்தும். பக்கத்துச் சாலையில் போகிறவரின் சாண்ட்விச்சை அது என்ன செய்யும்?

ஜெர்மனிக்கு நோய் 2020 செப்டம்பரில் வந்தது. போலந்து எல்லைக்கருகே பிராண்டன்பர்க் மாநிலத்தில் ஒரு காட்டுப் பன்றியின் பிணம். பண்ணைப் பன்றி ஒன்றுகூட அப்போது பாதிக்கப்படவில்லை. சீனா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் ஜெர்மன் பன்றி இறைச்சியை உடனே நிறுத்திவிட்டன. ஒரு பிணத்துக்கு அத்தனை விலை. மூன்றாவது கேள்வி, அதாவது விளைவு, எவ்வளவு பெரியது என்று பார்க்க விரும்பினால் இன்னும் பெரிய உதாரணம் சீனா: 2019இல் ஒரே ஆண்டில் பன்றிகளின் எண்ணிக்கை சுமார் 40 விழுக்காடு சரிந்து, இறைச்சி விலை இரு மடங்கானது.

இடர் மதிப்பீடு அறிவியல் ஆவணம் மட்டுமல்ல, வணிக ஆயுதமும்கூட. 2014 தொடக்கத்தில் லித்துவேனியாவில் சில காட்டுப் பன்றிகள் செத்ததைக் காட்டி, ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலிருந்தும் பன்றிப் பொருட்கள் வருவதை ரஷ்யா நிறுத்தியது. நோய் மேற்கே போனதே ரஷ்யா, பெலாரஸ் பக்கமிருந்துதான் என்பது தனிக்கதை. வழக்கு உலக வர்த்தக அமைப்புக்குப் போய், நோயில்லாத பகுதிகளையும் சேர்த்துத் தடுத்தது தவறு என்று 2017இல் மேல்முறையீட்டிலும் ரஷ்யாவுக்கு எதிராகவே முடிந்தது. சிரிப்பதற்கு முன், நம் முதுகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பறவைக் காய்ச்சலைக் காட்டி அமெரிக்கக் கோழிப் பொருட்களுக்கு இந்தியா போட்ட தடை அதே அமைப்பில் 2014இலும், மேல்முறையீட்டில் 2015இலும் தோற்றது. முக்கியக் காரணம், தடைக்குப் பின்னால் முறையான இடர் மதிப்பீடு எதுவும் இல்லை. தடை போடுவதில் நாம் கெட்டிக்காரர்கள். ஏன் போட்டோம் என்று தாளில் எழுதுவதில்தான் சுணக்கம்.

வடகிழக்குக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 90 லட்சம் பன்றிகள். அதில் அசாமில் மட்டும் 21 லட்சம். 2020 தொடக்கத்தில் அசாமிலும் அருணாசலிலும் சாவு தொடங்கியது. நாடே ஊரடங்கில் இருந்த மே மாதத்தில் நோய் உறுதியானது. ஆறுகளில் பன்றிப் பிணங்கள் மிதந்து வந்தன. காசிரங்காவின் காட்டுப் பன்றிகள் ஊர்ப் பக்கம் வராமலிருக்க ஓரத்தில் அகழி வெட்டினார்கள். அசாமின் சில புல்வெளிகளில் மட்டுமே மிஞ்சியிருக்கும் குள்ளப் பன்றி என்ற அரிய இனத்தை எண்ணி வன உயிரின ஆர்வலர்களுக்குத் தூக்கம் போனது. அந்த இனத்துக்கு ஒரே ஒரு மோசமான பருவம் போதும்.

மிசோரமில் 2021 மார்ச்சில், வங்கதேச எல்லையை ஒட்டிய லுங்லெய் மாவட்டத்தின் லுங்சென் கிராமத்தில் தொடங்கியது. அந்த ஒரே ஆண்டில் மாநிலத்தில் 30 ஆயிரத்துக்கும் அதிகமான பன்றிகள் செத்தன. அங்கே பன்றி என்பது பண்ணைத் தொழில் இல்லை. வீட்டுப் பின்புறம் மூங்கில் கொட்டடியில் ஒன்றோ இரண்டோ வளரும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் கிறிஸ்துமஸ் விருந்தும் அதை நம்பித்தான். பன்றி செத்தால் சேமிப்புப் புத்தகம் கிழிந்த மாதிரி. வெளியிலிருந்து பன்றி கொண்டுவர அரசு தடை போட்டது. தடை போட வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பிறகு நடப்பதை மதிப்பீட்டு அறிக்கைகள் போதுமான அளவு பேசுவதில்லை. உள்ளூர்ப் பன்றிகள் செத்தால் இறைச்சி விலை ஏறும். விலை ஏறினால் மியான்மர் எல்லையான தியாவ் ஆற்றைத் தாண்டி ஒரு குட்டிப் பன்றியைக் கொண்டுவருவதில் லாபம் கூடும். ஆற்றில் தண்ணீர் குறைந்த மாதங்களில் அதைக் கடக்கப் படகுகூடத் தேவையில்லை. ஆக, நோய் வந்த இடத்தில் மறுபடி நோய் வரும் ஆபத்து குறைவதில்லை, கூடுகிறது. தடையே விலையை ஏற்றி, கடத்தலுக்குக் கூலி கொடுக்கிறது. ‘தடை அமலில் உள்ளது, ஆகவே ஆபத்து குறைவு’ என்று எழுதும் அதிகாரி, சந்தையில் கிலோ என்ன விலை என்பதையும் அடுத்த வரியில் எழுத வேண்டும்.

நில எல்லையே இல்லாத இலங்கைக்கும் 2024 அக்டோபரில் நோய் வந்துவிட்டது. மேல் மாகாணத்தில் பெரும் சாவு கண்டு, நாடு முழுவதையும் ஆபத்துப் பகுதியாக அறிவித்து, பன்றி நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தினார்கள். புத்தளத்திலிருந்து நீர்கொழும்பு, ஜா-எல வரையிலான கரையோரம் அந்நாட்டின் பன்றி வளர்ப்புப் பட்டி. உணவகக் கழிவும் சமையலறைக் கழிவும் போட்டு வளர்க்கும் சிறு வளர்ப்போர் அங்கே நிறைய. கடல் சூழ்ந்த நாட்டுக்குள் காட்டுப் பன்றி நீந்தி வந்திருக்காது.

இனி நம் ஊர். தமிழ்நாட்டில் வெண்பன்றி வளர்ப்பவர்களில் பலருக்கு ஓட்டல் கழிவுதான் ஆதாரம். வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போய்விடும் தொழிலில், அடர்தீவனம் மட்டும் போட்டுக் கட்டுப்படியாகாது என்பார்கள். இரவு ஓட்டல்கள் சாத்தும் நேரத்தில் ‘குட்டியானை’ வண்டி நீல நிற பிளாஸ்டிக் டிரம்களோடு வரிசையாக ஒவ்வொரு கடைப் பின்வாசலிலும் நிற்கும். சாம்பார் ஊறிய சோறு, பரோட்டாத் துண்டு, சப்பிய எலும்பு, பிழிந்த எலுமிச்சை, பல்குச்சி, சட்னி பொட்டலத்தின் நெகிழி உறை எல்லாம் ஒரே டிரம்மில். பண்ணையில் இறக்கியதும் ஒருவர் கையை விட்டு நெகிழியையும் குச்சியையும் பொறுக்கிப் போடுவார். மற்றது தொட்டிக்குப் போகும். எந்தத் தட்டில் எந்த இறைச்சி இருந்தது, அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று அந்த டிரம்மைக் கேட்டுப் பயனில்லை.

அதைக் கொதிக்கவைத்துப் போடு என்பதுதான் சர்வதேச விதி: 90 டிகிரி வெப்பத்தில், விடாமல் கிளறி, ஒரு மணி நேரம். சொல்வது எளிது. நாலைந்து டிரம் கழிவை அண்டாவில் ஏற்றி ஒரு மணி நேரம் கிளற விறகும் வேண்டும், ஆளும் வேண்டும். இரண்டுக்கும் காசு வேண்டும். பாதி வெந்ததும் இறக்கிவிடுகிறார்கள். பலர் ஏற்றுவதே இல்லை.

முழுவதுமாகத் தடை செய்துவிடலாமே என்று கேட்கலாம். பிரிட்டன் செய்தது. 2001இல் அங்கே கோமாரி நோய் வெடித்து 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல நேர்ந்தது. சரியாகக் கொதிக்கவைக்காத கழிவைப் பன்றிக்குப் போட்ட நார்தம்பர்லாந்துப் பண்ணை ஒன்றுதான் தொடக்கம் என்று கண்டார்கள். அதே ஆண்டு கழிவுத் தீவனத்துக்குத் தடை வந்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியமும் தடுத்தது. தைவான் கொதிக்கவைத்தால் போதும் என்று பல காலம் விட்டுவைத்தது. எல்லையில் அது காட்டிய கண்டிப்பு சாதாரணமானதல்ல: நோயுள்ள நாட்டிலிருந்து பன்றி இறைச்சி கொண்டுவந்து பிடிபட்டால் முதல் முறைக்கே 2 லட்சம் தைவான் டாலர் அபராதம். அதில் ஏழு ஆண்டுகள் தப்பியது. 2025 அக்டோபரில் தைச்சுங் நகரப் பண்ணை ஒன்றில் நோய் வந்தேவிட்டது. அந்தப் பண்ணை வளர்த்தது சமையலறைக் கழிவில். உடனடியாக நாடு முழுவதும் கழிவை நிறுத்தச் சொன்னார்கள்.

இங்கே ஒரே உத்தரவில் தடை போட்டால் வண்டி நிற்காது. நேரம்தான் மாறும், இரவு பத்து மணிக்கு வருவது இரண்டு மணிக்கு வரும். என் யோசனை வேறு. ஒவ்வொரு பண்ணையிலும் அடுப்பைத் தேடுவதை விட்டு, கழிவு சேரும் இடத்தில் அடுப்பை வைக்க வேண்டும். ஓட்டல் கழிவை அப்புறப்படுத்தும் வேலை உள்ளாட்சி அமைப்பினுடையது. அதைப் பன்றிக்காரர் இலவசமாக எடுத்துப்போவதால் மாநகராட்சிக்கு லாரிச் செலவு மிச்சம். அந்த மிச்சத்தில் ஒரு பங்கைப் போட்டு, நகரத்துக்கு ஒரு நீராவிக் கொதிகலன் வைத்து, வெந்த கழிவை மட்டும் பண்ணைக்கு விடலாம். இது கால்நடைத் துறையால் தனியே ஆகிற காரியமில்லை. விமான நிலையப் பறிமுதல் ஒரு துறை, ஓட்டல் குப்பை இன்னொரு துறை, பன்றி மூன்றாவது, முதுமலைக் காட்டுப் பன்றி நான்காவது. வைரஸுக்கு மட்டும்தான் இந்த நாலு துறையும் ஒன்று.

தடுப்பூசி வந்துவிடும், அதுவரை பொறுப்போம் என்றும் சிலர் சொல்கிறார்கள். வியத்நாம் 2022இல் ஒன்றை அனுமதித்தது. போட்ட சில இடங்களில் பன்றிகள் செத்ததால் இடையில் நிறுத்தி, பிறகு மறுபடி தொடங்கியது. உயிருள்ள வைரஸை வலுக்குறைத்துச் செய்த ஊசி என்பதால் பல நாடுகளுக்குத் தயக்கம். நம்பிக்கை வைக்கலாம், நம்பிக்கொண்டு உட்கார முடியாது.

இன்னொன்று, எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகத் தோன்றுவது. நோய் நுழைந்த பிறகு அது ஒரு பண்ணையோடு நிற்குமா, மாவட்டம் தாண்டுமா என்பதை முடிவு செய்வது பன்றிக்காரரின் முதல் இரண்டு நாள் மனக்கணக்கு. இரண்டு பன்றிகள் தீனி எடுக்கவில்லை. கால்நடை மருத்துவருக்குச் சொன்னால் மாதிரி எடுப்பார்கள். மாதிரி போபாலிலுள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்கோ மண்டல ஆய்வகத்துக்கோ போய் முடிவு வரவேண்டும். உறுதியானால் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகள் அத்தனையையும் கொல்வார்கள். பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. இழப்பீடு, அரசு கொன்ற பன்றிக்குத்தான். முடிவு வருவதற்குள் நோயில் செத்ததற்கு இல்லை. இந்த நோயில் முடிவு வருவதற்குள் செத்துப்போவதுதான் அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் பன்றிகளையும் சேர்த்துக் கொல்லச் செய்தவர் என்ற பெயர் வேறு. சொல்லாமல் விட்டால்? இன்னும் நன்றாக இருக்கும் எட்டுப் பன்றிகளை இன்றைக்கே கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடலாம். கையில் காசு. வியாபாரியின் வண்டியில் நோய் அடுத்த மாவட்டத்துக்குப் போகும். செத்தது ஆற்றில் போகும். 2019இல் மணிலா பக்கத்து மரிகினா ஆற்றில் மிதந்தவையும் இப்படி யாரோ ஒருவர் போட்ட மனக்கணக்கின் மிச்சங்கள்தான்.

இதைத் திருத்த வேலியோ ஸ்கேனரோ வேண்டாம். மாதிரி கொடுத்த நாளில் தொழுவத்தில் எத்தனை பன்றிகள் உயிரோடு இருந்தனவோ, அத்தனைக்கும் இழப்பீடு என்று விதியை மாற்றினால், முதல் பன்றி சுருண்டதும் தொலைபேசியை எடுக்க ஒரு காரணம் கிடைக்கும். தாமதித்துச் சொன்னால் தொகை குறையும் என்பதையும் அதே விதி பார்த்துக்கொள்ளும். மாவட்டத் தலைநகரிலேயே 24 மணி நேரத்தில் மரபணுச் சோதனை முடிவு என்பதும் எட்டாக் கனியில்லை. கொரோனா காலத்தில் வாங்கிப் போட்ட கருவிகள் அரசு ஆய்வகங்களில் இருக்கின்றன. அடுத்த மதிப்பீட்டு அறிக்கையில் எல்லைச் சாவடிகளின் பட்டியலுக்கு முன்பாக மூன்று எண்களை எழுதச் சொல்ல வேண்டும்: கழிவில் எத்தனை விழுக்காடு கொதிக்கவைத்துப் போகிறது, சோதனை முடிவு வர எத்தனை நாள், இழப்பீடு கைக்கு வர எத்தனை மாதம்.